வேறு பாறையில் சிவப்புத் துணி

நயினாரே,

நீங்கள் கண்மூடிய பிறகு, நேற்றுதான் உங்கள் மகள் உங்கள் துணிப்பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். வறுத்த வேர்க்கடலை வாசனை, உங்கள் பேச்சில் மல்லாட்டை வாசனை, இன்னும் போகவில்லை. உதறினால் ஒரு சாண் சிவப்புத் துணி விழுகிறது. உங்கள் பித்தலாட்டத்தை இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்தீர்களா?

தொண்ணூற்று நாலில் நான் திண்டிவனத்தில் தாவரவியல் வாத்தியார், நீங்கள் மேல்சித்தாமூரில் மல்லாட்டை வியாபாரி. ஞாயிற்றுக்கிழமை ஆனால் இருவரும் செஞ்சிப் பக்கத்து மலைகளில் இருப்போம். எனக்குச் செடிகளின் லத்தீன் பெயர் தெரியும். எந்த இடுக்கில் எந்த மாதம் எது பூக்கும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். சமணரான நீங்கள் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டும் என்பதால் நாலு மணிக்கே என்னைக் கீழே இறக்கிவிடுவீர்கள்.

ஓர் ஐப்பசியில் அந்தக் கொடியைப் பார்த்தோம். விரல் நீளப் பூ, நுனியில் சின்னக் கூண்டு. இந்த மலையில் அது உண்டென்று யாரும் எழுதியதில்லை. அடையாளத்துக்குப் பாறையோரப் புதரில் சிவப்புத் துணி கட்டிவிட்டு, சென்னையிலிருந்த ஒரு நிபுணருக்கு எழுதினேன். கிழங்கோடு அனுப்பினால்தான் நம்புவேன் என்று பதில் வந்தது. இருந்ததோ ஒரே கொடி.

"நாங்க தட்டுலகூட கிழங்கு வெச்சிக்கிறதில்ல சார். நீங்க இருக்கிற ஒண்ணயும் பேத்துக்கினு போறேன்றீங்க. வரைஞ்சி அனுப்புங்க."

"வரைஞ்சா நம்ப மாட்டாருங்க."

"நம்பலன்னா செடிக்கு என்னா நஷ்டம்?"

எனக்குக் கோபம் வந்தது. என் பெயர் அச்சில் வரவேண்டும் என்ற வெறி வேறு. மறுவாரம் உங்களுக்குச் சொல்லாமல் களைக்கொட்டோடு ஏறினேன். சிவப்புத் துணி இருந்த இடத்தில் கொடியைக் காணோம். ஆடு மேய்ந்திருக்கும், கிழங்காவது மிஞ்சியிருக்கும் என்று அரை நாள் தோண்டினேன். வெறும் சரளைதான். அழுகை வந்துவிட்டது.

திருட்டுத்தனமாகப் போனதை எந்த முகத்தோடு சொல்வது? இரண்டு மாதம் வாயே திறக்கவில்லை. தை மாதத்தில்தான் கேட்டேன்.

"அந்தக் கொடி என்னாச்சுங்க?"

"நல்லாத்தான் கீது. துணிய மட்டும் நாந்தான் அவுத்து வேற பாறையில கட்டுனேன்."

"இத்தன நாளா சொல்லலியே?"

"நான் பொய் சொல்ல மாட்டேன் சார். நீங்க கேக்கல."

களைக்கொட்டோடு போய்த் தோண்டியதை நானும் ஒப்புக்கொண்டேன். வயிறு வலிக்கச் சிரித்தோம். அன்றைக்கே கூட்டிப்போய்க் காட்டினீர்கள். காய் வெடித்து, பஞ்சு கட்டிய விதைகள் பறந்துகொண்டிருந்தன. நான் வரைந்து அனுப்பிய படத்தை நிபுணர் நம்பவில்லை. எனக்கு அதில் இன்று துளியும் வருத்தமில்லை.

இன்று காலை உங்கள் பையை மாட்டிக்கொண்டு ஏறினேன். பதினேழு கொடிகள், நயினாரே. எண்ணி முடித்ததும் உங்களிடம் சொல்லத் திரும்பிப் பார்த்தேன். இப்போதெல்லாம் களைக்கொட்டும் கையுமாக நிறையப் பேர் மலையேறுகிறார்கள். அதனால் சிவப்புத் துணியைத் தள்ளியிருந்த வேறொரு பாறையில் கட்டிவிட்டு, நாலு மணிக்கே இறங்கிவிட்டேன்.

யாராவது கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவேன். இன்னும் யாரும் கேட்கவில்லை.