சைரனுக்கு ஒரு 'இப்போது'

அன்புள்ள இமெல்தா அக்காவுக்கு,

2026 மே 2, சனிக்கிழமை, காலை 10.20. ஆற்றோரத் தெருவில் ஐம்பத்தாறு வீடு, நூற்று நாற்பத்து மூன்று பேர். வெள்ள ஒத்திகைக்குச் சைரன் அடித்ததும் வெளியே வந்தவர்கள் ஒன்பது பேர். அதிலும் இரண்டு பேர் ஐஸ் விற்க வந்த வெளியூர்க்காரர்கள். நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். முதலில் ஒரு கேள்வி: ஒத்திகைத் தேதியை அம்மாவிடம் போனில் உளறியது நீயா?

இப்படித்தான் இந்தக் கடிதத்தைக் காலையில் தொடங்கினேன். அழிக்கவில்லை. இப்போது மாலை. போனில் என்றால் சண்டையில் முடியும், அதனால் மின்னஞ்சலிலேயே முழுதாக எழுதுகிறேன்.

நவம்பரில் பேச்சே இல்லாத வெறும் சைரனுக்கு நூற்று இருபத்தெட்டு பேர் பள்ளிக்கூட மேட்டில் ஏறி நின்றார்கள். அது போதாது, குரலும் வேண்டும் என்று மேலிடம் சொன்னது. இயந்திரத்தோடு வந்த ஆங்கில வாசகம் எளிது: அணை திறக்கப்படுகிறது, இப்போது வெளியேறுங்கள். அவர்களுக்கு 'இப்போது' என்பதற்கு ஒரே சொல் போதும். நம் ஸ்பானிஷில் நாலு. 'இதோ ஆச்சு' என்று இழுக்கிற 'அஓரீத்தா'வை முதலிலேயே கழித்துவிட்டேன். கூரையை அஓரீத்தா சரிசெய்கிறேன் என்று அப்பா சொல்லி ஆறு மழைக்காலம் ஒழுகியது உனக்கும் தெரியும். பிப்ரவரியில் வெறும் 'இப்போது', 'அஓரா': பதினான்கு பேர். மார்ச்சில், கோர்ட்டில் பத்து வருடமாக மொழிபெயர்க்கிற நீ சொன்னபடி, 'இந்த நிமிடமே' என்று அழுத்துகிற 'அஓரா மீஸ்மோ': பதினொன்று. இன்று 'உடனே, கிளம்பு' என்று வெட்டுகிற 'யா'. அம்மா நம்மைப் பள்ளிக்கூடத்துக்கு விரட்டிய சொல். ஒன்பது!

சொல்லில் அவசரம் ஏற ஏற ஆள் குறைகிறது. எந்தக் கணக்கில் இது வரும்?

ஜூன் 15 முதல் சைரன் நிஜம். மதகு திறந்தால் பதினெட்டு நிமிடத்தில் தண்ணீர் அம்மாவின் வாசலில் நிற்கும். அந்த முழங்காலோடு மேடு ஏற அவளுக்குப் பதினைந்து நிமிடம். மிச்சம் மூன்று நிமிடம்தான், அக்கா.

சத்தத்தை யாரோ குறைக்கிறார்கள் என்று சைரன் கோபுரக் காவலர் நாபோரைப் போன வாரம் பிடித்து உலுக்கினேன். "எஞ்சினியரே, உங்க சத்தத்துல என் கோழி முட்டை போடறதையே நிறுத்திடுச்சு. இதுக்கு மேல எங்கே ஏத்தறது?" என்றார். கடைசி வீட்டில் கருவி வைத்து அளந்தேன். சத்தம் சரியாகத்தான் இருந்தது.

அதனால் இன்று கோபுரத்தில் ஏறாமல், ரொட்டி சுடுகிற செனைதாவின் கடைப் பக்கத்தில் ஒளிந்து நின்றேன். சைரன் அடித்ததும் கதவுகள் சாத்திக்கொண்டன. வரிசையாகத் தாழ்ப்பாள் சத்தம். ஒரு வீட்டில் பீரோவை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார்கள்.

காது கேட்கிறது, பிறகு ஏன் வருவதில்லை என்று செனைதாவிடம் சண்டைக்குப் போனேன். "கேக்குது ராசா, நல்லாவே கேக்குது. நவம்பர்ல கேட்டுட்டு மேட்டுக்கு ஓடினோம். திரும்பி வந்து பாத்தா கதவுக்குக் கதவு சிவப்பு மையில நம்பர். ஜனவரில வந்திச்சு, வீட்டை இடிக்கப்போறோம்னு நோட்டீஸு. நீ வெளியே கூப்பிடறே, உங்க ஆளுங்க உள்ளே வர்றாங்க. நல்ல கூட்டணி!" என்றாள். அது நிலப்பிரிவு, நான் சைரன் பிரிவு என்றேன். "ரெண்டு பேருக்கும் ஒரே சட்டைதானே" என்று என் சட்டைப் பையிலிருந்த அலுவலகச் சின்னத்தைக் கரண்டியால் தட்டிக் காட்டினாள்.

கிறிஸ்துமஸுக்குத் தெருவே கதவுகளுக்குச் சாயம் அடித்தது. அம்மாவின் கதவு நீலம். நன்றாக இருக்கிறது என்று நானே பாராட்டினேன். இன்று நேராகப் போய்ச் சாவியால் சுரண்டினேன். அடியில் சிவப்பில் 37.

அம்மா உள்ளிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். "உனக்குத் தெரியாமலா இருக்கும்னு நெனைச்சேன்டா. உங்கிட்ட சொன்னா ஆபீசுக்குப் போயிடும்னு தெரு சொல்லிச்சு. நானும் ஆமான்னுட்டேன்" என்றாள். பிறகு கதவைச் சாத்தினாள். அந்தத் தாழ்ப்பாள் சத்தத்தையும் கேட்டேன்.

அலுவலகம் திரும்பிக் கோப்பைப் பிரித்தேன். நவம்பர் அட்டவணை. 'தெரு காலியாக இருக்கும் நேரம்: 10.20 முதல் 11.30 வரை.' என் எழுத்து. நகல்: நிலப்பிரிவு. கீழே என் கையெழுத்து. படிவத்தில் கட்டம் இருந்தது, நிரப்பினேன். ஒவ்வொரு ஒத்திகைக்கும் நிரப்பியிருக்கிறேன், இன்றைக்கும் சேர்த்து. இத்தனை நாளும் நாபோரைச் சந்தேகப்பட்டேன், உன்னைச் சந்தேகப்பட்டேன், ஏசி அறையில் உட்கார்ந்து நீ தேர்ந்த சொல்லைச் சந்தேகப்பட்டேன். மேலே கேட்ட கேள்விக்கு நீ பதில் எழுத வேண்டாம்.

இனி நான் செய்யப்போவது:

1. திங்கள் காலை எட்டு மணிக்கு நிலப்பிரிவு. ஒத்திகை நேரத்தில் தெருவுக்குள் நுழையமாட்டோம் என்று எழுத்தில் வாங்குவேன். தராவிட்டால் இந்தச் சட்டையைக் கழற்றி அவர்கள் மேஜையிலேயே வைத்துவிட்டு வருவேன்.

2. அந்தத் தாளைச் செனைதாவின் கடை ஷட்டரில் ஒட்டுவேன். கிழித்தால் இன்னொன்று ஒட்டுவேன்.

3. அடுத்த ஒத்திகைக்குத் தெரு முனையில் நிற்பேன், வீடுகளுக்கு முதுகு காட்டி, வெளியிலிருந்து யார் வருகிறார்கள் என்று பார்த்தபடி. எத்தனை பேர் ஏறினார்கள் என்று நாபோர் எண்ணட்டும்.

4. நாளை மதியம் அம்மாவின் வாசலில் போய் உட்காருவேன். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் நீ போன் செய்யும்போது, அவன் வெளியேதான் இருக்கிறான், கதவைத் திற என்று மட்டும் சொல். எப்போது திறக்க என்று கேட்பாள். எந்தச் சொல்லைப் போடுவதென்று உனக்குத் தெரியும்.

உன் தம்பி,
எவெலியோ