கேட் சாவி

ஷார்ஜா
28-10-1978

கர்த்தருக்குள் பிரியமான ஞானசிங் அண்ணனுக்கு ஜஸ்டஸ் எழுதுவது. ஸ்தோத்திரம். நான் சுகம். புஜைரா துறைமுக சைட்டில் வேலை எப்படி? சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா?

நீங்கள் சண்டை போட்டது வீண் போகவில்லை. கோயில் கமிட்டியில் ஆசியருக்கு ஓர் இடம் தர வெள்ளைக்காரர்கள் ஒருவழியாகச் சம்மதித்துவிட்டார்கள். தமிழர், மலையாளி, கோவாக்காரர், பாகிஸ்தானி எல்லோருக்கும் சேர்த்து ஒரே நாற்காலி. நேற்று ஆராதனை முடிந்து கை தூக்கச் சொன்னார்கள். உங்கள் தம்பிக்குத்தான் விழுந்தது. நீங்கள் சைட் மாறிப் போகாதிருந்தால் அது உங்களுக்கு வந்திருக்கும்.

சாயங்காலமே முதல் கூட்டம். ஆறு துரைமார், ஏழாவது நான். டீ குடித்ததும் பழக்கதோஷத்தில் எழும்பி எல்லோருடைய கப்பையும் வாரிக்கொண்டு போய்க் கழுவிவிட்டேன். நம் வீடுகளில் இளையவன் செய்கிறதுதானே. சேர்மன் ஹார்வி தட்டிக்கொடுத்தார். இனி அது என் டூட்டி போலிருக்கிறது. கடைசியாகப் போகிறவன் நான் என்பதால் கேட் சாவியும் இப்போது என்னிடம். கோயிலுக்குப் பின்னால்தானே என் ரூம், சௌகரியம்.

அன்புள்ள தம்பி
ஜஸ்டஸ்


புஜைரா கேம்ப்
9-11-1978

கமிட்டி மெம்பர் ஜஸ்டஸ் அவர்கள் சமூகத்துக்கு, பழைய ரூம்மேட் ஞானசிங் பணிந்து எழுதிக்கொள்வது. சிரிக்காதே. உன் கடிதத்தை மெஸ்ஸில் எல்லோருக்கும் வாசித்தேன். கப் கழுவின இடத்தை மட்டும் விட்டுவிட்டேன். அடுத்த கூட்டத்தில் எழும்பாமல் உட்கார்ந்திரு தம்பி, வேறு யாராவது எழும்பட்டும்.

ஒரே ஒரு காரியம் கேட்கிறேன். நாம் இந்த நாட்டுக்கு வந்து மூன்று கிறிஸ்துமஸ் போய்விட்டது. ஒரு தரமாவது நம் ஊரில் போல விடியற்காலம் நாலு மணி ஆராதனை உண்டா? பத்து மணிக்குப் போய் அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டு வருகிறோம். இந்த வருஷமாவது நாலு மணிக்குக் கோயிலைத் திறந்துவிடக் கேள். கேம்ப்பில் நம் ஆட்கள் ஒன்பது பேர், பாகிஸ்தானிகள் ஐந்து பேர். லாரிக்குச் சொல்லியாயிற்று. பாகிஸ்தானி யாகூப் மசி தினமும் என்னைப் பிடித்துக்கொண்டு உருதுவில், "ஞான் பாய், கமிட்டில நம்ம ஆள் இருக்காரு, சாவியே அவர்கிட்ட இருக்கு, அப்புறம் என்ன?" என்கிறான். எனக்கே பெருமையாக இருக்கிறது.

முடியாது என்றால் முன்கூட்டியே ஒரு வரி எழுதிவிடு. டிரைவர் கௌஸ் முகம்மது வாரம் ஒருமுறை ஷார்ஜா வருகிறார், அவர் வசம் கொடுத்தாலும் போதும்.

ஞானசிங்


ஷார்ஜா
8-12-1978

பிரியமுள்ள அண்ணனுக்கு, ஸ்தோத்திரம். டிரைவர் அவசரப்படுத்துகிறார், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். உங்கள் காரியத்தைக் கமிட்டியில் வைத்தாயிற்று. பேசிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் ஒன்றுக்கும் கவலைப்பட வேண்டாம். இங்கே இப்போது நல்ல குளிர். இத்துடன் பேரீச்சம்பழம் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன்.

ஜஸ்டஸ்


ஷார்ஜா
26-12-1978

அண்ணே,

நேற்று விடியற்காலம் கேட்டுக்கு வெளியே லாரி வந்து நின்றது எனக்குக் கேட்டது. நீங்கள் கேட்டைத் தட்டியது கேட்டது. பிறகு வெளியிலேயே நின்று பாடினீர்கள், அதுவும் கேட்டது. சாவி என் தலையணைக்கு அடியில் இருந்தது. போர்வையை இழுத்துத் தலைவழியே மூடிக்கொண்டு படுத்திருந்தேன்.

சென்ற கடிதத்தில் எழுதினது பொய். அதற்கு இரண்டு நாள் முன்பே கமிட்டி முடிவெடுத்துவிட்டது. அந்த நேரத்தில் பாட்டுச் சத்தம் கேட்டால் அக்கம்பக்கத்து அரபிகள் கோபப்படுவார்கள் என்றார்கள். சேர்மன் என்னைத் திரும்பிப் பார்த்து, "உங்கள் ஆட்களைப் பற்றி எங்களைவிட உங்களுக்குத்தான் தெரியும், என்ன சொல்கிறீர்கள் மிஸ்டர் ஜஸ்டஸ்?" என்று கேட்டார். அங்கே என்னை யாரும் அதுவரை மிஸ்டர் போட்டுக் கூப்பிட்டதில்லை. எனக்கு மனசு குளிர்ந்துபோய்விட்டது அண்ணே. வேண்டாம் என்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றார். ஆறு கை எழும்பியது. ஏழாவது என் கை. அதற்குப் பிறகு கப்புகளையும் நான்தான் எடுத்தேன்.

உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன், அந்த ஒரு வரி வரவில்லை. லாரி கிடைக்காமல் போகட்டும் என்று ஜெபம்கூடப் பண்ணினேன். அண்ணே, நீங்கள் போட்ட சண்டையில் கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு உங்களுக்கு எதிராகவே கை தூக்கிவிட்டேன். என்னைத் திட்டி எழுதுங்கள்.

ஜஸ்டஸ்


புஜைரா கேம்ப்
9-1-1979

தம்பி ஜஸ்டஸுக்கு ஞானசிங் எழுதுவது. ஸ்தோத்திரம். நாங்கள் எல்லோரும் சுகம். பேரீச்சம்பழம் நன்றாக இருந்தது.

உன் கடிதம் கிடைத்தது. அதை மெஸ்ஸில் வாசிக்கவில்லை.

திட்டி எழுதத்தான் இரண்டு தரம் உட்கார்ந்தேன். வெள்ளைக்காரர்கள் ஆறு பேர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை, அது புதுசா என்ன? உன் கைதான் கண்ணுக்குள் நிற்கிறது. எழும்பாமல் மடியில் கிடந்திருந்தால்கூடப் போதும், இந்நேரம் மறந்திருப்பேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்றைக்குக் கேட் திறக்காதபோது எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். சாவி உன்னிடம் இருக்கிறது என்று அவர்களிடம் பெருமையடித்தது நான்தானே. "ஜஸ்டஸுக்குக் கடுங்காய்ச்சல், எழும்ப முடியாமல் கெடக்கான் போல" என்று சொல்லிவிட்டேன். நீ கேட்டது கிறிஸ்துமஸ் பாட்டு என்றா நினைத்தாய்? அது வியாதிக்காரருக்காக நாம் பாடுகிற பாட்டு. யாகூப் மசிக்குத் தமிழ் தெரியாது. கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவன் பாஷையில் உனக்காக ஜெபித்தான்.

அவன் நல்லவன். இன்றைக்கும் டூட்டிக்குப் போகுமுன் கேட்டான், உனக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதா என்று. என்ன சொல்லட்டும்?

ஞானசிங்