மேல் படுக்கை

அன்பு மகளுக்கு, உன் அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எனக்கு முதுகைத் தவிர மற்றதெல்லாம் நலம், அம்மாவுக்குக் காதைத் தவிர மற்றதெல்லாம் நலம் என்று எழுதலாம் என்றுதான் இருந்தேன். இப்போது அவள் நலத்தைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை.

ஒத்திகைப் பயணம் போய் வந்துவிட்டோம். காது ஆபரேஷனுக்குப் பிறகு விமானம் கூடவே கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து, பழைய வேனுக்குள் படுக்கையும் அடுப்பும் வைத்து, தரை வழியாகவே உன் ஊருக்கு வந்துவிடுவது என்று நாங்கள் தயாராகி வந்தது உனக்குத் தெரியும். அத்தனை தூரம் போகுமுன் வண்டியையும் எங்களையும் சோதித்துப் பார்க்க, ஏரிக்கரையில் கூடாரம் போடும் மைதானம் ஒன்றில் ஒரு வாரம் தங்கினோம். வண்டி பாஸாகிவிட்டது, நான்தான் ஃபெயில். பட்டறையில் ஆயுசு முழுக்க பஸ் சீட்டுக்கு மெத்தை தைத்தவனிடம் கட்டில் செய்யச் சொன்னால் என்ன ஆகும்? கை பழக்கத்தில், இருவர் உட்காரும் பஸ் சீட்டின் அளவுக்கே கீழ்ப் படுக்கையை வெட்டிவிட்டேன். முதல் நாள் இரண்டு பேரும் டிக்கெட் வாங்காத பயணிகள் மாதிரி ஒட்டிக்கொண்டு படுத்தோம். "இறங்க வேண்டிய இடம் வந்தா எழுப்புங்க"ன்னு உன் அம்மா சொன்னாள். மறுநாள் நான் வெளியே கூடாரத்துக்கு மாறினேன். அதையும் உள்பக்கம் வெளியே தெரியும்படி கட்டியதால், பக்கத்துக் கூடாரத்துப் பெண்மணி வந்து திருப்பிக் கட்டிக் கொடுத்தார்.

மேலே இன்னொரு படுக்கை இருக்கிறதே, அங்கே ஏறிப் படுக்க வேண்டியதுதானே என்று கேட்பாய். அது உனக்கு. போன வருஷம் ஃபோனில் பேசும்போது, "நீங்க மட்டும் வந்துடுங்கப்பா, ஒரு வாரம் லீவு போட்டு நானும் உங்க வண்டில சுத்த வரேன்"னு நீ சொன்னாய். நீ பேச்சுக்குச் சொன்னாயோ என்னவோ, நாங்கள் பலகை வாங்கிவிட்டோம். பட்டறையில் சொகுசு பஸ்ஸுக்கென்று வந்த ஸ்பஞ்சில் நல்லதாகப் பார்த்து அதற்குப் போட்டேன். அம்மா நீலத் துணியில் தலையணை உறை தைத்தாள். மழையில் கூடாரம் ஒழுகியபோதுகூட மேலே போய்ப் படுக்க என்னை விடவில்லை. "உங்க தலை எண்ணெய் பட்டா அந்த உறை என்னத்துக்கு ஆகும்"னு சொல்லி, ஒரு பிளாஸ்டிக் ஷீட்டைத் தூக்கி வெளியே போட்டாள்.

இப்போது நான் செய்த இன்னொரு பெரிய வேலையைச் சொல்கிறேன். அம்மாவுக்கு ஒரு காதுதான் கேட்கிறது, வழியில் பாட்டாவது கேட்கட்டும் என்று, பட்டறையில் உடைக்க வந்த ஒரு பஸ்ஸின் ஸ்பீக்கரைக் கழற்றி வண்டிக்குள் மாட்டினேன். ஒயர் இல்லாமல் ப்ளூடூத்தில் என் ஃபோனை அதோடு சேர்த்து, சத்தத்தை முழுசாக வைத்தேன். தன் புருஷன் இப்படியொரு எஞ்சினியர் என்று அவளே ஆச்சரியப்பட்டாள். நீ கூப்பிட்ட அன்று சாயங்காலம் நான் குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஃபோனைக் காதில் வைத்தால் ஒரு சத்தமும் இல்லை. ஹலோ ஹலோ என்று கத்தினேன், தட்டிப் பார்த்தேன், உள்ளே தண்ணீர் போயிருக்கும் என்று உதறினேன். பிறகுதான் மைதானத்தில் இருந்தவர்கள் எல்லாரும் எங்கள் வண்டியையே பார்ப்பதைக் கவனித்தேன். உன் குரல் அங்கிருந்து வந்துகொண்டிருந்தது.

"அம்மாகிட்ட நீங்களே பக்குவமா சொல்லிடுங்கப்பா. அந்த வண்டியக் கொண்டாந்து எங்க வாசல்ல நிறுத்தினா இங்க இருக்கறவங்க என்ன நினைப்பாங்க? தெரு முழுக்க அவரோட ஆபீஸ்காரங்க. அம்மா வேற காது கேக்காம நாலு பேர் முன்னாடி கத்திக் கத்திப் பேசுவாங்க. எனக்குத்தான் சங்கடம். வண்டி ரிப்பேருன்னு ஏதாவது சொல்லிடுங்க, சரியா?" நான் ஓடினேன். நான் கட்டிய கூடாரக் கயிறே காலைத் தட்டிவிட, பாத்திரத்தோடு விழுந்தேன். எழுந்து கதவைத் திறப்பதற்குள் நீ "சரிப்பா, வெச்சிடறேன்" என்று வைத்துவிட்டாய். நான் கத்திய ஹலோ எதுவும் உனக்கு வந்து சேரவில்லை போலிருக்கிறது, என் மௌனத்தை நீ சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருப்பாய். பக்கத்துக் கூடாரத்துக் கணவனும் மனைவியும், மடித்த துணியையே எடுத்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மா அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தாள். என் முழங்காலைப் பார்த்தாள். "என்னங்க, வண்டி ரிப்பேராமே?" என்றாள். அவ்வளவுதான் மகளே, உன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேட்ட அதையும் மெதுவாக, பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காத மாதிரி சொன்னாள். அன்றிலிருந்து அப்படித்தான் பேசுகிறாள். கடைக்காரர் "என்னம்மா, என்னம்மா"ன்னு இரண்டு தரம் கேட்கிறார். எனக்கே காது மந்தமாகிவிட்டதோ என்று தோன்றுகிறது. இத்தனை வருஷம் அவள் குரலுக்கு நான் செய்யாத கிண்டல் இல்லை, அடுத்த தெரு நாய் கூட எழுந்து உட்காரும் என்பேன். இப்போது அந்தக் கத்தல் இல்லாமல் வீட்டில் இருக்க முடியவில்லை.

அன்றைக்கே மேல் படுக்கையிலிருந்த தலையணையின் உறையை உருவி, சூடான கெட்டிலைப் பிடிக்கும் துணியாக வைத்துக்கொண்டாள். "கூடாரத்தைச் சுருட்டுங்க, மேல ஏறிப் படுங்க" என்றாள். படுத்தேன். என் கையால் தைத்ததிலேயே மெத்தென்ற மெத்தை அது. ஒரு நாளும் தூக்கம் வரவில்லை.

பயணத்தை விட்டுவிடலாமா என்று கேட்டேன். விடமாட்டாளாம். இவ்வளவு செய்துவிட்டு எதற்கு விடுவது, மலையும் கடலும் நம்மை வரவேண்டாம் என்று சொல்லவில்லையே என்கிறாள். வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு விரலால் சாலையைத் தடவிக்கொண்டே போகிறாள். உன் ஊர் வந்ததும் விரல் நிற்கிறதா என்று நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். நிற்கவில்லை.

கோபமாக எழுதக்கூடாது என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். படித்துப் பார்த்தால் கோபமாகத்தான் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். நீங்கள் இருவரும் குறையில்லாமல் நீண்ட நாள் வாழவேண்டும். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். வேளைக்குச் சாப்பிடு. ஒன்றை மட்டும் மறக்காதே. நாங்கள் புறப்படுமுன் ஒரு நாள் கூப்பிடு. என்னை அல்ல, அவளை. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டேன். அதனால் நீதான் கொஞ்சம் கத்திப் பேச வேண்டியிருக்கும். அங்கே யாராவது கேட்டால், அம்மாவுக்குக் காது கேட்காது என்று சொல்.

இப்படிக்கு,
வண்டியில் எந்த ரிப்பேரும் இல்லாத உன் அப்பா