சுமியே குனியாத பாலம்

மார்ச் 3

காலையில் அகழி முழுக்க மூட்டம். கோட்டையும் இல்லை, கரையும் இல்லை. மேகத்துக்குள் படகு விட்ட மாதிரி இருந்தது. ஒசாகாவிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. படகு நடுவில் இருக்கும் கணப்பு மேசையின் போர்வைக்குள் காலை நீட்டிக்கொண்டு எல்லோரும் பாதித் தூக்கத்தில் கிடந்தார்கள். கல்லின்மேல் ஒற்றைக்காலில் நின்ற நாரையைக் காட்டி, "அவரு எங்க பழைய படகோட்டிங்க. ஓய்வு குடுத்தாலும் தெனம் வேலைக்கு வந்துர்றாரு" என்றேன். அந்த வீட்டம்மா அதற்குக் கும்பிடு போட்டுவிட்டாள். பாவம்.

தாழ்ந்த பாலம் வந்ததும் படகின் மடக்குக் கூரையை இறக்கினேன். "குனியுங்க குனியுங்க. யாரா இருந்தாலும் இங்க தலை குனிஞ்சுதான் ஆகணும்!" எல்லோரும் மேசைமேல் கன்னத்தை வைத்துப் படுத்தார்கள். பின்னால் நானும் குனிந்தேன். பாலத்தின் அடிவயிற்றில் தண்ணீரின் வெளிச்சம் நெளிந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் மட்டும் யாருக்கும் பேசத் தோன்றாது. எனக்குக்கூட.

துறையில் மட்டி சூப் விற்கும் சுமியேயை இன்றைக்கும் கூப்பிட்டேன். எத்தனையோ வருஷமாகக் கூப்பிடுகிறேன். இன்னும் ஒரு தடவைகூட ஏறியதில்லை.

"உன் முன்னாடி நான் தலை குனியணுமா? கெழவனுக்கு ஆசையப் பாரு."

"என் முன்னாடி இல்லம்மா, பாலத்துக்கு முன்னாடி."

"கூரைய எறக்குறது யாரு? நீதானே."

மார்ச் 6

மழை. படகு இல்லை. போய் சூப் மட்டும் குடித்துவிட்டு வந்தேன்.

மார்ச் 9

சுமியேயின் மகள் ஹிரோஷிமாவிலிருந்து கூப்பிடுகிறாளாம். தனி அறை, தனிக் குளியல் தொட்டி, பக்கத்திலேயே ஆஸ்பத்திரி. "ஏப்ரல்ல படகுல இருந்து கணப்பு மேசையெல்லாம் எடுப்பீங்கல்ல? அப்பவே நானும் கடையை எடுத்துரலாமான்னு பாக்குறேன்" என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? என்ன சொன்னேன்?

"அப்பாடா, இனிமேயாவது உப்பு சரியா போடுற ஆளு வருவாங்க."

அவள் சிரிக்கவில்லை. கரண்டியைத் துடைத்தாள். துடைத்த கரண்டியையே திரும்பவும் துடைத்தாள்.

என்ன வாய்டா இது? தைத்து வைக்கணும்.

மார்ச் 11

சாயங்காலம் ஏரிக்கரையில் எல்லோரும் சூரியன் விழுவதைப் படம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஏரி நடுவிலிருக்கும் மணப்பெண் தீவின் பைன் மரங்கள் கறுத்து, தண்ணீர் முழுக்க ஆரஞ்சாகிவிட்டது. ஒருத்தி என்னிடம், "தாத்தா, தினமும் இப்படித்தானா?" என்றாள். "இல்லம்மா, இன்னிக்கு உனக்காகக் கொஞ்சம் கூட ஊத்தச் சொன்னேன்" என்றேன்.

வீட்டுக்கு வரும் வழியில் ஹிரோஷிமாவில் ஏரி இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டே வந்தேன். கடல் இருக்கிறது. கடலில் மட்டி கிடைக்குமே. சே.

மார்ச் 14

லீவு. யாயெகாகி கோயிலுக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. இந்த நோட்டுக்கு மட்டும்.

கோயிலுக்குப் பின்னால், காட்டுக்குள், கண்ணாடிக் குளம். சுற்றிலும் கல்யாண வயசுப் பெண்கள். நடுவில் நான் ஒரு கிழட்டு ஆமை. கோயிலில் தரும் காகிதத்தைத் தண்ணீரில் விட்டு மேலே ஒரு காசு வைக்க வேண்டும். சீக்கிரம் முழுகினால் கல்யாணம் சீக்கிரம் கூடிவரும். கிட்டத்தில் முழுகினால் ஆள் கிட்டத்தில், தூரப் போய் முழுகினால் தூரத்து ஆள். பத்தாம் மாசம் நாட்டிலுள்ள தெய்வமெல்லாம் எங்கள் மாநிலத்துக்கு வந்துதான் யாருக்கு யார் என்று முடிச்சுப் போடுகிறார்கள். இத்தனை பக்கத்தில் இருந்தும், மனைவி போனதற்கப்புறம் என் பேரை விட்டுவிட்டார்களா என்று கேட்கத்தான் போனேன்.

காகிதம் நனைந்ததும் எழுத்து தெரிந்தது. அந்த எழுத்தெல்லாம் நான் படித்த வகுப்புக்கு வரவில்லை. பக்கத்துப் பெண்ணிடம் கேட்டேன். "தெற்கு நல்ல திசைன்னு போட்டிருக்கு தாத்தா" என்றாள்.

தெற்கு! ஹிரோஷிமா தெற்கேதான் இருக்கிறது.

காசு வைத்தேன். காகிதம் முழுகவே இல்லை. எனக்குப் பின்னால் வந்தவர்களுடையது எல்லாம் முழுகிற்று. என்னுடையது மட்டும் படகு மாதிரி சுற்றிச் சுற்றி வந்தது. சிவந்த வயிற்று நீர்ப்பல்லி ஒன்று வந்து எட்டிப் பார்த்தது. அது தொட்டுவிட்டுப் போனால் யோகம். தொடவில்லை. மரங்களுக்கு நடுவிலிருந்து வெயில் விழுந்து காகிதம் மெல்ல மினுங்கியது. எவ்வளவு நேரம் நின்றேன் தெரியாது. கால் மரத்துப்போயிற்று. அது மிதந்துகொண்டே இருக்க, நான் திரும்பி வந்துவிட்டேன்.

மார்ச் 15

மனசு கேட்கவில்லை. சக படகோட்டி ஒடானியின் தலையில் கட்டி, கதையாகச் சொன்னேன். "ஒடானி குளத்துக்குப் போயிருக்கான் சுமியே. காகிதம் முழுகவே இல்லையாம். அவ்ளோதானா அவன் கதை?"

"என்ன காசு வச்சாரு?"

"ஒரு யென்."

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். ரொம்ப நாளைக்கப்புறம் அந்தச் சிரிப்பு. "அட மக்கு மனுஷா! ஒரு யென் அலுமினியம்யா. தண்ணியில மெதக்கும். இந்த ஊர்லயே பொறந்து வளந்த ஆளு, இதுகூடவா தெரியாது? நூறு யென் வச்சா ரெண்டு மூச்சுல முழுகிடும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

சிரிப்பு நின்றது. "ஊருக்கே தெரியும்" என்று சூப்பைக் கிளறப் போய்விட்டாள். ஏற்கெனவே கிளறின சூப்.

"ஒடானிகிட்ட சொல்லு," முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள், "கண்ணாடி மாத்தச் சொல்லு."

ஒடானி கண்ணாடி போடுவதில்லை. நான்தான் போடுகிறேன்.

மார்ச் 24

கடையைப் பார்க்க ஒரு ஆள் வந்து போனான். அடுப்பைத் தட்டிப் பார்த்தான். எனக்கு அவனை அகழியில் தள்ள வேண்டும்போல் இருந்தது. சிரித்து வழி காட்டி அனுப்பினேன். தப்பான வழி.

ஏப்ரல் 5

செர்ரிப் பூ கொட்டுகிறது. அகழியில் தண்ணீரே தெரியவில்லை, பூவின்மேல்தான் படகு போகிறது. பின்னால் ஒரு கோடு திறக்கிறது, மூடிக்கொள்கிறது. இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று போனேன். "சுமியே" என்றேன். "என்ன?" என்றாள். "தலையில பூ ஒட்டியிருக்கு" என்றேன். எடுத்துப் போட்டாள்.

அவ்வளவுதான். அதுகூட நிஜம்தான், பூ ஒட்டியிருந்தது.

ஏப்ரல் 10

கணப்பு மேசைக்குக் கடைசி நாள். கடைசிப் படகு. வேறு யாரும் இல்லை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சுமியே நின்றாள்.

"என்ன முழிக்கிற? டிக்கெட் வாங்கியாச்சு. ஏத்துவியா மாட்டியா?"

ஏறினாள். எல்லோரும் முன்பக்கம் பார்த்து உட்காருவார்கள். அவள் என்னைப் பார்த்து உட்கார்ந்தாள். போர்வையை இடுப்பு வரை இழுத்துக்கொண்டாள். எனக்குச் சொல்ல ஒரு கிண்டலும் வரவில்லை. நாரையைப் பார்த்தேன், அதுவும் உதவவில்லை.

"ஒடானிக்குக் காகிதத்துல என்ன எழுதியிருந்துதாம்?"

"தெற்கு நல்ல திசைன்னு." படகைத் திருப்பினேன். "ஹிரோஷிமா தெற்குதான சுமியே. நீ போ. நல்லாயிருப்ப."

"உன் வீட்டுல இருந்து என் கடை எந்தத் திசை?"

யோசித்தேன். பாலம் இறங்கி, கோயில் தாண்டி, ஆற்றோரமாகத் தினமும் நடக்கிறேன், காலை வெயில் இடக்கன்னத்தில் அடிக்க.

தெற்கு.

பாலம் வந்துவிட்டது. கூரையை இறக்கினேன். நான் "குனி" என்று சொல்லும் முன் அவளே குனிந்தாள், இரண்டு கையையும் மேசைமேல் பதித்து, நெற்றி கைமேல் படும்வரை. எதிரே நானும் குனிந்தேன். என் மனைவி செத்துப் பல வருஷம்; எங்கள் கல்யாணத்தன்று அவளுக்கு எதிரே பாயில் இப்படிக் குனிந்தேன். அதற்கப்புறம் எந்தப் பெண்ணுக்கும் எதிரே குனிந்ததில்லை. தலைக்கு மேலே வெளிச்சம் நெளிந்தது. இருட்டுக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது.

"என்னோடது கால்கிட்டயே முழுகிடுச்சு. போன வருஷமே."

பாலம் தாண்டிற்று. கூரையை ஏற்றினேன். அவள் நிமிரவில்லை. நானும்தான். படகு கரையில் போய் முட்டிற்று.

"பாலத்துக்குத்தான் குனிஞ்சேன்" என்றாள், நிமிர்ந்து தலைமுடியைச் சரிசெய்துகொண்டே. "பெருசா நெனச்சுக்காத."

ஏப்ரல் 13

மேசைகளை எடுத்தாயிற்று. படகு லேசாகிவிட்டது. சுமியே கடையை எடுக்கவில்லை. சூப்பில் உப்பு தூக்கல். சொன்னேன்.

"அப்ப வீட்டுல வச்சுக் குடிச்சுக்கோ."

"எந்த வீட்டுல?"

அவள் இன்னொரு கிண்ணம் ஊற்றினாள்.