முழுத் தொட்டி

செப்டம்பர் 29

ஏரிக்கரைச் சாலையில் மூடுபனி. பள்ளி பஸ்ஸை இருபது மைல் வேகத்துக்கு மேல் ஓட்ட முடியவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கு ஏழு நிமிடம் தாமதம்.

வீடு திரும்பியபோது என் கணவன் ஆர்விட் ஜன்னலருகே உட்கார்ந்து இடது கையால் காபி குடித்துக்கொண்டிருந்தான். பக்கவாதம் வந்து, டுலூத் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி இன்றோடு ஒன்பது நாள். பேச்சு முழுதாக வந்துவிட்டது, நடையும் ஏறக்குறைய. வலது கைதான் இன்னும் வரவில்லை. யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி மடியில் கிடக்கிறது.

"கோரின், இன்னிக்கு பஸ்ல எந்தப் பிள்ளை வாந்தி எடுத்துச்சு?" தினமும் கேட்பதுதான். ஒன்றும் இல்லை என்றேன்.

"அப்போ சப்புன்னு போச்சு."

அக்டோபர் 6

பனிக்கு முன் கடைசி ஓட்டம். ஊரில் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஹைவே பெட்ரோல் பங்க்குக்குப் போய், ஆல்கஹால் கலக்காத பெட்ரோல் வரும் தனிக் குழாயில் தொட்டியை விளிம்புவரை நிரப்பிக்கொண்டு வந்து, மே மாதம்வரை மூடிவைத்துவிடுவார்கள். ஆர்விடும் பக்கத்து வீட்டு கோர்டியும் இருபத்தாறு வருடம் சேர்ந்தே போனார்கள். இன்று கோர்டி தனியாகப் போனான். எங்கள் வாசலைத் தாண்டும்போது ஹாரன் அடிக்கவில்லை. மரியாதைக்காகத்தான் அடிக்காமல் போனான். ஆனால் அதுதான் இவனைக் குத்தியது.

சாப்பிடும்போது சொன்னான்: "தொட்டியை வத்த விட்டுடு. கார்புரேட்டரையும்தான். கோர்டிகிட்ட பேசிட்டேன். குளிர் போனதும் எடுத்துக்குவான்."

"எதை?"

"வண்டியைத்தான். பின்னே உன்னையா?"

இருவரும் சிரிக்கவில்லை.

விற்கப்போகிற வண்டியை வற்ற வைப்பார்கள். திரும்ப ஓட்டப்போகிறவன் நிரப்பி வைப்பான். எனக்கு இதைச் சொல்லித் தந்தவனே அவன்தான்.

அக்டோபர் 12

பொய் சொல்லிவிட்டேன்.

மத்தியானம் அவன் தூங்கும்போது இரண்டு சிவப்புக் கேன்களில் அந்தத் தனிக் குழாய்ப் பெட்ரோலை வாங்கி வந்தேன். பெட்ரோல் கெடாமலிருக்க அவன் வருடா வருடம் ஊற்றும் ஸ்டெபிலைசர் புட்டி கராஜ் அலமாரியில் பாதி இருந்தது. நாலரை கேலன் தொட்டிக்கு இரண்டு அவுன்ஸ் என்று புட்டியில் போட்டிருக்கிறது. அளந்து முதலில் அதை ஊற்றி, அதன்மேல் பெட்ரோலை ஊற்றினேன், தானே கலக்கட்டும் என்று. கழுத்துவரை நிரம்பியது. பேட்டரியைக் கழற்றி நிலவறைக்குத் தூக்கிப் போனேன். போர்வையைப் போர்த்தினேன். குளிர் தொடங்கினால் டிப்போவில் பஸ் டீசலுக்கு மருந்து ஊற்றுகிறோமே, அதே கதைதான். ஊற்றினால் வேலை முடிந்தது. நல்லவேளை, இன்ஜினைக் கிளப்பும் வேலை இல்லை. சத்தம் கேட்டால் எழுந்து வந்திருப்பான்.

"வத்த விட்டாச்சா?"

"ஆச்சு."

முப்பத்து நான்கு வருடத்தில் அவனிடம் நான் சொன்ன பெரிய பொய் இதுதானா? யோசித்துப் பார்த்தேன். இல்லை. அவன் அம்மாவின் மீன் சூப் பிடிக்கும் என்று சொன்னது இதைவிடப் பெரியது.

நவம்பர் 8

நாளை மான் வேட்டை தொடங்குகிறது. அவன் போகவில்லை. வேட்டைக்குப் போடும் ஆரஞ்சுச் சட்டையை உள்ளறைக்கு மாற்றி வைத்தேன், கண்ணில் படாமல்.

கைப்பயிற்சி தர வரும் பிரிட்டா இன்று ஒரு கிண்ணம் காய்ந்த பீன்ஸ் கொண்டுவந்தாள். வலது கையால் ஒவ்வொன்றாக எடுத்து அடுத்த கிண்ணத்தில் போட வேண்டும். தினமும் இருபது நிமிடம்.

"நான் என்ன கோழியா, பொறுக்கறதுக்கு?"

"கோழி இவ்வளவு முணுமுணுக்காது சார்," என்றாள் பிரிட்டா.

நான்கு பீன்ஸ் எடுத்தான். ஐந்தாவது விழுந்ததும் கிண்ணத்தைத் தள்ளிவிட்டான். வாசலில் பூட்ஸ் மாட்டும்போது அவள் மெதுவாகச் சொன்னாள்: "முதல் ஆறேழு மாசத்துல வர்றதுதாங்க பெரும்பாலும் வரும். கை செத்துப் போகலை. அவர்தான் அதைக் கைவிட்டுட்டார்."

நவம்பர் 9

அந்த பீன்ஸில் சூப் வைக்கச் சொன்னான். வைத்தேன். கோபத்தில் உப்புப் போட மறந்துவிட்டேன். அப்படியே இரண்டு கிண்ணம் குடித்தான்.

டிசம்பர் 21

பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று. பள்ளி விடுமுறை. கராஜில் மண்வாரியைத் தேடப் போனவள் போர்வையைத் தூக்கித் தொட்டிமேல் கை வைத்தேன். இரும்பு சுட்டது, குளிரில். உள்ளே நாலரை கேலன் பெட்ரோல். அவனுக்குத் தெரியாது. அது ஏதோ குழந்தை தூங்குவதுபோல எனக்கு நிம்மதியாக இருந்தது. என்ன பைத்தியக்காரத்தனம்.

ஜனவரி 17

காலையில் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டேன், வழக்கம்போல. மேலிருந்து மூன்றாவது பொத்தானில் என் கை நிற்கும்போது சொன்னான், "முப்பது வருஷத்துக்கு முன்னால இதைக் கழட்டத்தான் அவசரப்படுவே."

சிரித்தேன். அப்புறம் பஸ்ஸில் உட்கார்ந்து, முதல் பிள்ளை ஏறும்வரை அழுதேன். பயிற்சி செய்ய மாட்டேன் என்கிறான். ஏன்டா? நாலு மாசம் ஓடிப்போச்சே. இன்னும் எத்தனை மாசம் பாக்கி இருக்கு?

மார்ச் 30

ஏரியில் பனிக்கட்டி இன்னும் இருக்கிறது. கோர்டி வண்டியை எடுத்துப்போகத் தேதி கேட்டான். பத்தொன்பதாம் தேதி என்று ஆர்விடே சொன்னான்.

ஏப்ரல் 19

முழுதாக எழுதிவைக்க வேண்டும்.

பத்து மணிக்கு கோர்டி டிரெய்லரோடு வந்தான். எங்கள் எண்பத்திரண்டாம் வருட ஜப்பான் வண்டிமேல் அவனுக்கு இருபது வருட ஆசை. ஆனாலும் முகம் துக்க வீட்டுக்கு வந்தவன் மாதிரி இருந்தது. போர்வையை நீக்கி, தொட்டி மூடியைத் திறந்தான். குனிந்து பார்த்தான்.

"ஆர்விட், வத்த விட்டேன்னு சொன்னே. இது தளும்புதேப்பா."

ஆர்விட் என்னைப் பார்த்தான். நான் மண்வாரியைப் பார்த்தேன்.

"கோரின்."

"நிரப்பிட்டேன். அக்டோபர்ல. மருந்தும் ஊத்திட்டேன். நீ திரும்ப ஓட்டுவேன்னு நெனச்சேன். தப்புன்னா திட்டிக்கோ."

கோர்டி பேட்டரியை மாட்டி, சோக்கை இழுத்து, பொத்தானை அழுத்தினான். இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. ஆறு முறை. ஒரு முறை இருமியது, அவ்வளவுதான்.

ஆர்விட் மெதுவாகக் கேட்டான்: "மருந்து ஊத்தினதும் வண்டியை எவ்வளவு நேரம் ஓடவிட்டே?"

"எதுக்கு ஓடவிடணும்?"

கோர்டி தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டான்.

"மருந்து தொட்டியிலதானே இருக்கு! பத்து நிமிஷம் ஓடினாத்தானே கார்புரேட்டருக்குள்ள இறங்கும்? அங்க பழைய பெட்ரோல் அப்படியே கிடந்து பிசினாப் போயிருக்கும். நாலு கார்புரேட்டரும்!" என்று ஆர்விட் கத்தினான்.

"பஸ்ஸுக்கு ஊத்தினா போதுமே."

"பஸ்ஸை மறுநாள் காலையில ஓட்டறியே, கிழவி!"

அப்புறம் சிரித்தான். கராஜ் சுவரில் கை ஊன்றி, கண்ணில் நீர் வர. செப்டம்பருக்கு அப்புறம் இந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை. கோர்டியும் சேர்ந்துகொண்டான். எனக்குத்தான் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"ஏத்திட்டுப் போறேன். ஒரு சாயங்காலத்துல சுத்தம் பண்ணிடுவேன்," என்றான் கோர்டி.

ஆர்விட் கொஞ்ச நேரம் வண்டியையே பார்த்தான். "வேண்டாம். என் பொண்டாட்டி பண்ணின கூத்து. வெளிய தெரிஞ்சா அவமானம். நானே பாத்துக்கறேன்."

"எந்தக் கையால?"

கேட்டுவிட்டுக் கோர்டி நாக்கைக் கடித்துக்கொண்டான். டிரெய்லர் காலியாகத் திரும்பிப் போனது.

ஏப்ரல் 23

சமையலறை மேசைமேல் பழைய செய்தித்தாள் விரித்து நான்கு கார்புரேட்டர்கள். கழற்றித் தந்தது கோர்டி. இனிமேல் தொடக் கூடாதென்று அவனுக்கு உத்தரவு. எனக்கும்தான். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கிண்ணம், கிண்ணத்துக்கு நான்கு திருகு, உள்ளே அரிசி நீளத்தில் பித்தளை ஜெட். பெட்ரோல் போகும் அதன் துளை தலைமுடி அளவு. எல்லாவற்றிலும் தேன் நிறத்தில் பிசின்.

இடது கையால் பிடித்துக்கொள்ளலாம், திருகுவது வலது கைதான். முதல் ஜெட் பதினோரு முறை விழுந்தது. எண்ணினேன். பன்னிரண்டாவது முறை அவன் குனியுமுன் நானே எடுக்கப் போனேன்.

"தொடாதே."

ஒரு ஜெட்டுக்கு இரண்டு மணி நேரம்.

ஏப்ரல் 27

பிரிட்டா வந்தாள். மேசையைப் பார்த்தாள். தன் பையைத் திறக்கவே இல்லை. காபி மட்டும் குடித்தாள். "யார் யோசனை இது?" என்று என்னிடம் கேட்டாள். யாருடைய யோசனையும் இல்லை, என் தப்பு என்றேன்.

மே 5

நான்காவது. ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான், வலது கையின் இரண்டு விரலால். துளை வழியே ஜன்னல் தெரிகிறதாம். எனக்கும் காட்டினான். ஆமாம், தெரிந்தது.

மே 7

இன்று காலை பொத்தான் போடப் போனேன். முன்பே போட்டிருந்தான். ஒன்று மாறிப் போட்டிருந்தான். நான் சொல்லவில்லை.

மே 10

ஓடியது. இரண்டாவது அழுத்தலில். கோர்டி வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தொப்பியை வீசினான்.

ஆர்விட் ஏறி உட்கார்ந்து எங்கள் வீட்டுச் சரளைப் பாதையில் தபால் பெட்டிவரை போனான். நிறுத்துமிடத்தில் நிற்கவில்லை, தபால் பெட்டியை இடித்து நின்றான். காயமில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். இரவுச் சாப்பாட்டில் அவனே சொன்னான்: "கைக்கு வேலை வந்துடுச்சு. வேகம் வரலை. பிரேக்குக்கு வேகம்தான் வேணும்."

மீன் ஆறிப்போனது. கோர்டியைக் கூப்பிடப் போகிறான் என்று நினைத்தேன்.

"நீதான் எழுபத்திரண்டு சீட்டு பஸ்ஸைப் பனியில திருப்பறியே. ரெண்டு சீட்டு உனக்கு என்ன கஷ்டம்?"

ஜூன் 15

தொழில்நுட்பக் கல்லூரி மைதானத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் பயிற்சி, இரண்டாம் நாள். வகுப்பில் நான்தான் மூத்தவள். ஒரு கூம்பைச் சாய்த்தேன். பாஸ்.

கோர்டி: "இனிமே அந்த வண்டி எனக்குக் கிடைக்காதுன்னு சொல்லு."

அக்டோபர் 11

ஹைவே பங்க்வரை நான் ஓட்டினேன். முப்பத்தைந்து வருடமாக நான் அவன் சட்டைக் காலரைப் பார்த்தேன், இன்று அவன் என்னுடையதைப் பார்த்தான். முன்னால் போன கோர்டி ஒவ்வொரு திருப்பத்திலும் ஹாரன் அடித்தான். ஆர்விட் புட்டி மருந்தை அளந்து ஊற்றினான். நான் நிரப்பினேன், கழுத்துவரை.

வீட்டுக்கு வர நான்கு நிமிடம்தான். கராஜ் வாசலில் இன்ஜினை அணைக்கப் போனேன்.

"இரு," என்றான். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றான். பனி பொடிப்பொடியாக விழத் தொடங்கியது. இன்னும் ஆறு நிமிடம், இன்ஜின் ஓட ஓட நின்றோம். பிறகு குனிந்து வண்டியின் பெட்ரோல் குழாயை மூடினான், வலது கையால்.