அறுபத்தெட்டு கிலோ

மார்ச் 4
ஜனவரியில் எனக்கே தைத்துக்கொண்ட ஜாக்கெட். இன்று கொக்கி வளையத்தை எட்டவில்லை. யாரோ பிரித்து இறுக்கித் தைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். நூலும் என்னுடையது, தையலும் என்னுடையது. டேப்பை எடுத்து என் உடம்பை அளந்தேன். நான்கு அங்குலம் கூடியிருக்கிறது.

மார்ச் 9
மனநலப் பிரிவில் மாதாந்திர வரிசை. நர்ஸ் என்னை எடை பார்க்கவே இல்லை. போன மாதச் சீட்டைப் பார்த்து 68 என்று எழுதினாள். ஐந்தாவது மாதமாக அதே 68! டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "வெயிட் ஏறல. இதே மாத்திரைய போடுங்கம்மா" என்றார்.

அக்காவிடம் சொன்னேன். "நர்ஸம்மாவுக்கு உன்மேல என்னடி பகை? இப்படி நினைக்கிறதுதான் உன் வியாதியே."

மார்ச் 15
மாத்திரை போட்டால் பசி வயிற்றைப் பிடுங்குகிறது. ஓயாத தாகம். படி ஏறினால் மூச்சு இரைக்கிறது. அதுவும் மனப்பிரமையாம், அக்கா சொல்கிறாள். என்னை வேண்டுமென்றே பருக்க வைக்கிறார்களா? எதற்கு? யாருக்கு என்ன லாபம்?

மார்ச் 18
மாத்திரையை நாக்கடியில் ஒதுக்கித் துப்பிவிட்டேன். அக்கா பார்க்கவில்லை. இனி தினமும் இப்படித்தான்.

மார்ச் 26
தையல் மெஷின் என் பெயரைச் சொல்கிறது. போன வருஷம் என்னை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்த அதே குரல். மாத்திரை போட்டா உடம்பு போகுது, போடலன்னா புத்தி போகுது. நான் என்னதான் பண்றது? பயந்துபோய் மறுபடி விழுங்கினேன்.

ஏப்ரல் 13
ஐந்து சீட்டுகளையும் டாக்டர் மேஜையில் பரப்பினேன். மாத்திரையைத் துப்பியதையும் மறைக்கவில்லை. "நான் தையல்காரி, டாக்டர். அளவுதான் என் தொழில். என்னை ஒரு தடவை எடை மெஷின்ல ஏத்திப் பாருங்க." அக்கா கூச்சத்தில் தலையைக் குனிந்துகொண்டாள்.

பக்கத்து வார்டிலிருந்து எடை மெஷின் வந்தது. 83.

நர்ஸ் மெல்லச் சொன்னாள்: "நம்ம மெஷின் ரிப்பேர் சார். கூட்டம் வேற. அதான் பழசையே எழுதிட்டேன்."

ஏப்ரல் 20
ரத்தத்தில் சர்க்கரை கூடியிருக்கிறதாம். மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள். அக்கா வழியெல்லாம் அந்த ஐந்து சீட்டுகளையும் புரட்டிக்கொண்டே வந்தாள்.

ஏப்ரல் 29
எதிர்மாடி ஜன்னலில் ஒருவன் காலையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். சொல்வதா வேண்டாமா என்று தயங்கி, அக்காவிடம் சொன்னேன். சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு எதிர்வீட்டு மாடிக்கே ஏறிப் போனாள். மூச்சு வாங்கத் திரும்பி வந்து, "ஜன்னலோரக் கொடியில சட்டை காயுதுடி. ஆள் யாருமில்ல" என்றாள்.

நம்பினேன்.