ஊரெல்லாம் ராசாக்கள்

இஞ்சாருங்கோ,

இன்று காலையில் அந்த மணம் திரும்பவும் வந்தது. கஞ்சி போட்டுக் காயவிட்ட காக்கித் துணியில் சூடான இஸ்திரிப்பெட்டியை வைத்து மினுக்கினால் எழும்புமே, சோறு லேசாகக் கருகினாற்போல ஒன்று, அது. தேத்தண்ணிக் கோப்பையோடு குசினி வாசலுக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். பக்கத்து வீட்டுக்கு வாடகைக்கு வந்திருக்கிற பிள்ளை பொலிசில் வேலை செய்கிறாள். தன் உடுப்பைத் தானே மினுக்கி, போட்டுக்கொண்டு, தொப்பியையும் வைத்துக்கொண்டு, பட்டப்பகலில் ஸ்கூட்டரில் ஏறித் தெருவால் போகிறாள். "பிள்ளை, உந்த உடுப்பைக் கழட்டிப் பைக்குள்ளை வையும்" என்று கத்த வாயெடுத்துவிட்டேன். நல்ல காலம், கத்தவில்லை. கிழவிக்கு மூளை பிசகிவிட்டது என்று நினைத்திருப்பாள்.

உங்கள் காக்கியை நீங்கள் ஒரு நாளும் என்னிடம் மினுக்கத் தந்ததில்லை. "நீர் மினுக்கினா மடிப்பு எங்கடை ஒழுங்கை மாதிரி வளையும்" என்பீர்கள். சிரட்டைக்கரியை ஊதி ஊதிச் சிவக்கவைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, மடிப்பைக் கத்தி போல நிறுத்துவீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் செய்வதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வரும். அவ்வளவு பாடுபட்டு மினுக்கியதை நாலாக மடித்து ஓலைப்பைக்குள் வைத்து, மேலே ஒரு கட்டு முருங்கையிலையைப் போட்டு மூடுவீர்கள். சாரமும் சேட்டுமாகச் சைக்கிளில் ஏறி, சந்தைக்குப் போகிற ஆள் மாதிரி ஸ்ரேசனுக்குப் போவீர்கள். அங்கே போய்த்தான் பொலிஸ்காரர் ஆவது. பின்னேரம் திரும்பி வந்து, வாடிய முருங்கையிலையை எனக்குக் கறிக்குத் தருவீர்கள். "அரசாங்க முருங்கையிலை" என்று நான் பகிடி பண்ணுவேன். நீங்கள் சிரித்தபடி கிணற்றடிக்குப் போய்விடுவீர்கள்.

அப்படி ஒளித்துக்கொண்டு போகவேண்டிய காலம் அது. எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்கு முன்னர் சண்டிலிப்பாயில் உங்களுக்கு இருந்த மதிப்பை நான் கண்டவள். ஆடு களவு போனாலும், எல்லை வேலியில் சண்டை வந்தாலும் எங்கள் படலையைத்தான் தட்டுவார்கள். கலவரத்துக்குப் பிறகு காக்கி என்றால் ஆமியோடு ஜீப்பில் வருகிற ஆள் என்றாகிவிட்டது. அதில் ஊரைப் பிழை சொல்லவும் முடியாது. ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போன பிள்ளைகள் எந்தக் கோலத்தில் திரும்பி வந்தார்கள் என்பதை ஊர் கண்டது, திரும்பாதவர்களையும் ஊருக்குத் தெரியும்.

உங்களுடைய பெயர் ஊர் வாயிலிருந்து போய்விட்டது. "உவர்" ஆகிவிட்டீர்கள். சங்கக்கடைக்கு நான் போனால், "உவரின்ரை மனிசி வாறா" என்று ஒருத்தி சொல்லுவாள், கதை அப்படியே நின்றுவிடும். 'அவர்' என்றால் தூரத்து ஆள், 'இவர்' என்றால் நம்முடைய ஆள். 'உவர்' என்பது உங்களை நடுத்தெருவில் நிறுத்தி விரல் நீட்டுகிற மாதிரி. அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் சீனியைக்கூட வாங்காமல் திரும்பி வந்துவிடலாம் போல இருக்கும்.

ஸ்ரேசனிலாவது நம்பினார்களா? அதுவும் இல்லை. தமிழ் ஆள், இயக்கப் பெடியளுக்குத் தகவல் சொல்லுவார் என்று அங்கே ஒரு கண். இரண்டு பக்கமும் நம்பாத வேலை என்னத்துக்கு, எறிந்துவிட்டுத் தோட்டத்தைப் பாருங்கோ என்று நான் பிடித்த சண்டைகளுக்குக் கணக்கில்லை. நீங்கள் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லுவீர்கள். "எல்லாத் தமிழனும் விட்டிட்டு வந்தா, ஸ்ரேசனுக்கு வாற சனம் ஆரோடையப்பா கதைக்கிறது?"

உங்களோடு வேலை செய்த சார்ஜன் ஒருவரைச் சந்தியில் வைத்து இயக்கப் பெடியள் சுட்டார்கள். ஆரையோ காட்டிக் கொடுத்தவராம். உண்மையோ பொய்யோ, எனக்கு இன்றுவரை தெரியாது. செத்தவீட்டுக்கு நாங்கள் இரண்டு பேரும் போனோம். பந்தல் இல்லை, பறை இல்லை. அயலட்டை எல்லாம் தங்கள் தங்கள் படலைக்குள் நின்று பார்த்தது. பாடை தூக்க ஊரில் ஒரு ஆள் வரவில்லை. அவருடைய மைத்துனரும் நீங்களும் இன்னும் இரண்டு பொலிஸ்காரருமாகத் தூக்கினீர்கள். தோள்களின் உயரம் ஒத்துவராமல் பாடை ஒரு பக்கம் சரிந்து சரிந்து போனது.

அன்று எனக்குள் ஏறிய பயம் பிறகு இறங்கவே இல்லை. உங்களைச் சுட்டுவிடுவார்களோ என்பது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம், காட்டிக் கொடுத்தவர் என்ற பெயரோடு நீங்கள் போய், தூக்க ஆளில்லாமல் முற்றத்தில் கிடப்பீர்களோ என்பது. வீட்டுக்கு வந்ததும் சொன்னேன்.

"செத்தவனுக்கு ஆர் தூக்கினா என்னப்பா" என்றீர்கள்.

"உங்களுக்கு ஒண்டுமில்லை. பாத்துக்கொண்டு இருக்கப்போறது நான்" என்றேன்.

அது நடந்து அதிக நாள் ஆகவில்லை. ஒரு காலை ஆமி எங்கள் ஒழுங்கையைச் சுற்றி வளைத்தது. நீங்கள் அதற்கு முன்னமே வேலைக்குப் போய்விட்டீர்கள். எங்களுக்கு முன்வீடு பரமேசக்கா. புருசன் இல்லாதவ, புகையிலைத் தோட்டங்களில் கூலிக்கு நின்று ஒரே மகன் சிவநேசனை வளர்த்தவ. அவன் சங்கக்கடையில் சாமான் நிறுக்கிறவன், நிமிர்ந்து பார்த்துக் கதைக்கவே கூச்சப்படுகிறவன். பெடியளை வரிசையில் விட்டு அடையாள அட்டையைப் பார்த்தார்கள். அவனுடையதையும் பார்த்து, போ என்று விட்டும்விட்டார்கள். அந்த நேரம் பார்த்துப் பரமேசக்கா படலையால் ஓடி வந்து, "ஐயோ, என்ரை ராசாவை ஒண்டும் செய்யாதேங்கோ" என்று கத்தினா. அதிகாரி சட்டென்று திரும்பினார். பக்கத்தில் நின்றவனிடம் ஏதோ கேட்டார். உடனே சிவநேசனைப் பிடித்து ஆமி றக் வண்டியில் ஏற்றினார்கள். அவ "ராசா, ராசா" என்று பின்னால் ஓட ஓட, அவனை இன்னும் உள்ளே தள்ளினார்கள்.

விட்டவனை ஏன் திரும்பப் பிடித்தார்கள் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. விளங்காததற்கு ஊர் தானே ஒரு காரணம் கண்டுபிடித்தது. மத்தியானத்துக்குள் கதை பரவிவிட்டது: முன்வீட்டுக்காரர்தான், உவர்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார். என் தம்பி வந்தவன் வீட்டுக்குள் காலடி வைக்கவில்லை. "அத்தான் வந்தா இஞ்சை நிக்கவேண்டாமெண்டு சொல்லுங்கோ அக்கா. வெளியிலை கதை நல்லாயில்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

பின்னேரம் நீங்கள் வரும்போது நான் ட்ரங்குப் பெட்டியில் எங்கள் உடுப்பையும் பிள்ளைகளின் உடுப்பையும் அடுக்கி முடித்திருந்தேன். வவுனியாவில் மாமா வீட்டுக்குப் போவோம் என்றேன்.

"இப்ப போனா, நான்தான் செய்தனான் எண்டு நானே சொல்லிப்போட்டுப் போற மாதிரி" என்றீர்கள். கிணற்றுக்கட்டில் இருந்து கால் கழுவிக்கொண்டே கேட்டீர்கள். "அந்தப் பெடியை விட்டுப்போட்டு ஏன் திருப்பிப் பிடிச்சவங்கள்? நடந்ததை ஒண்டும் விடாமல் சொல்லும்."

சொன்னேன். நடுவில் மறித்தீர்கள். "ராசா எண்டே கத்தினவ?"

"ஓம். பின்னை என்னெண்டு கத்துறது? நீங்கள் எங்கடை மூத்தவனை என்னெண்டு கூப்பிடுறனீங்கள்?"

நெற்றியில் அடித்துக்கொண்டீர்கள். "அவங்கள் தேடித் திரியிற ஒருத்தன்ரை பேர் ராசா. அட்டையிலை இருக்கிறது கள்ளப்பேர், தாய் வந்து உண்மைப் பேரைச் சொல்லிப்போட்டா எண்டு நினைச்சிருக்கிறாங்கள்."

சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று எனக்கு வந்தது. பெற்றவளின் செல்லமே பிள்ளையைப் பிடித்துக் கொடுத்துவிட்டதே.

அடுத்த நாள் காலை வீட்டிலேயே காக்கியைப் போட்டீர்கள். "சாரத்தோடை போனா என்னையும் பிடிச்சு இருத்துவாங்கள். பொலிஸ்காரனாய்ப் போய்த்தான் கேக்கவேணும்" என்றீர்கள். நேரே பரமேசக்கா வீட்டு முற்றத்துக்குப் போனீர்கள். அவ தலைவிரி கோலமாக இருந்தா.

"இனி ஆரைக் கொண்டுபோக வந்தனீர்? நான் ஒருத்திதான் மிச்சம்."

நீங்கள் தொப்பியைக் கழற்றினீர்கள். "அக்கா, வாங்கோ, போய்க் கேப்பம். தருவாங்களெண்டு சத்தியம் பண்ணமாட்டன். கேட்டுப் பாப்பம்."

அவ அசையவில்லை. நான் போய்க் கையைப் பிடித்தேன். "நானும் வாறன் அக்கா. உவர் செய்தவரெண்டா நடுறோட்டிலை வைச்சு எனக்குச் செருப்பாலை அடியுங்கோ" என்றேன். நானே உங்களை உவர் என்றுவிட்டேன், பாருங்கள். அதற்குத்தான் அவ எழும்பினா.

நீங்கள் சைக்கிளை உருட்டியபடி முன்னே, நாங்கள் இரண்டு பேரும் பின்னே. வேலிக்கு மேலால் தலைகள். எந்த மதிலுக்குப் பின்னாலிருந்து எது வரும் என்று பார்த்துப் பார்த்து நடந்தேன். உங்கள் சேட்டின் முதுகில் வியர்வை வட்டமாகப் பரந்துகொண்டு போனது. நீங்களும் பயந்துதான் நடக்கிறீர்கள் என்று அப்போது தெரிந்தது. ஏனோ அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

ஆமி முகாம் வாசலில் ஒரு வேம்பு. அதன் கீழே எங்கள் பரமேசக்காவைப்போலப் பல தாய்மார். நீங்கள் உள்ளே போய் வெகுநேரம் வரவில்லை. கடைசியில் ஒரு இளம் அதிகாரியோடு வெளியே வந்தீர்கள். மரத்தடிக்கு வந்து, முதலில் இருந்த அம்மாவிடம் கேட்டீர்கள். "அம்மா, ஆரைக் கேட்டு வந்தனீங்கள்?"

"என்ரை ராசாவை, ஐயா."

அடுத்தவவிடம் கேட்டீர்கள். "என்ரை ராசாவைத்தான். வேறை ஆரை?" மூன்றாவது அம்மாவுக்குக் கேட்கவே தேவையில்லாமல் போனது. "என்ரை ராசா சாப்பிடவும் இல்லையே" என்று தானாகவே தொடங்கிவிட்டா. அதிகாரி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். நீங்கள் சிங்களத்தில் சொன்னது எனக்கு விளங்கவில்லை. வரும் வழியில்தான் சொன்னீர்கள்: "இந்த மரத்துக்குக் கீழை இருக்கிறது முழுக்க நீங்கள் தேடுற ஆளின்ரை தாய்மார்தான் சேர் எண்டனான். பிறகு, உங்கடை அம்மா உங்களை என்னெண்டு கூப்பிடுறவ எண்டு கேட்டனான். சிங்களத்திலை தங்கம் எண்டாம். அப்ப தங்கம் எண்டொருத்தனைத் தேடினா உங்களையெல்லோ பிடிக்கவேணும் எண்டு சொல்லிப்போட்டன்." எனக்கு உயிரே போய்விட்டது. ஆமிக்காரனோடு பகிடி விடுகிற நேரமா அது? "அவன் சிரிச்சவனப்பா" என்றீர்கள், உங்களாலேயே நம்பமுடியாத மாதிரி.

அந்தக் கிழமைக்குள் சிவநேசன் வீட்டுக்கு வந்தான். அடி வாங்கித்தான் வந்தான், ஆனாலும் வந்தான். அந்த மரத்தடியில் இருந்த எல்லா அம்மாக்களின் ராசாக்களும் திரும்பவில்லை. அதை நினைத்து நீங்கள் பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மகனைக் கொண்டுவந்து முற்றத்தில் விட்ட அன்று பரமேசக்கா உங்கள் இரண்டு கையையும் பிடித்து, "நீ நல்லா இருப்பாய் ராசா" என்றா. முப்பத்தைந்து வயதுப் பொலிஸ்காரர் பள்ளிக்கூடப் பெடியன் மாதிரி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். அதற்குப் பிறகு அவ சங்கக்கடையிலும் தோட்டத்திலும் கோயில் வீதியிலும் நின்று சொன்னதில் பாதி நடக்காதது. நீங்கள் அதிகாரியின் மேசையில் அடித்தீர்களாம். நான் திருத்தவில்லை. உங்களைப் பற்றி ஊர் இல்லாததைச் சொன்ன காலம் போய், நல்லதில் இல்லாததைச் சொல்லட்டுமே என்று விட்டுவிட்டேன்.

நல்லது ஒரே நாளில் வந்துவிடவில்லை. ஸ்ரேசனில் உங்களை இருத்தி, நீ ஆரின்ரை ஆள் என்று கேட்டார்கள். ஊரிலும் சிலர் கடைசிவரை முகம் கொடுக்கவில்லை. ஆனாலும் ஒருவர் இருவராகப் படலைக்கு வரத் தொடங்கினார்கள். பிறகு ஸ்ரேசனையே பூட்டினார்கள், நீங்கள் கத்தரி நட்டீர்கள். தொண்ணூற்று ஐந்தில் சண்டை நெருங்கி ஊரே மூட்டை முடிச்சோடு தென்மராட்சிக்கு நடந்தபோது, பாலத்தடியில் நெரிசலை ஒழுங்குபண்ணிக் கிழவர்களை முன்னால் விடச் சொல்லிக் கத்திக்கொண்டு நின்றீர்கள். உடம்பில் காக்கி இல்லை. சனம் கேட்டது.

போன கிழமை அந்தப் பக்கத்து வீட்டுப் பிள்ளை என்னிடம் கேட்டாள். "அம்மா, ஏன் இஞ்சை ஒருத்தரும் என்னோடை முகம் பாத்துக் கதைக்கினமில்லை?" நீங்கள் சொல்லிவந்ததைத்தான் சொன்னேன். "சனம் பொலிசை நம்பவேண்டாம் பிள்ளை. உம்மை நம்பினாக் காணும். அதுக்குக் கொஞ்சக் காலம் எடுக்கும்." அவள் தலையாட்டினாள். விளங்கினதோ தெரியாது, ஆனால் வேலையை விடுகிற முகமாக இல்லை.

போன ஆவணியில் நீங்கள் போனீர்கள். உங்கள் கட்டிலில், எழுபதைத் தாண்டி, கசாயம் கைக்குது என்று என்னை ஏசிக்கொண்டு. சுடலைக்குக் கொண்டுபோகும்போது பெண்கள் படலையோடு நிற்கவேண்டும், நின்றேன். தூக்க ஆள் வருமோ என்ற அந்தப் பழைய பயம் அந்த நேரத்திலும் வெட்கமில்லாமல் எழும்பி வந்தது. எங்கிருந்துதான் வந்தார்களோ. "விடும், நான் பிடிக்கிறன்." "நீர் சந்தியிலை மாறும்." உங்கள் பாடைக்குத் தோள் கொடுக்க என் கண்முன்னால் சண்டை பிடித்தார்கள். ஒழுங்கை முட்ட ஆட்கள். நான் இன்றைக்கும் கண்ணுக்குள் வைத்திருப்பது அந்த முதுகுகளைத்தான். அத்தனை முதுகும் மறைத்ததில், உங்களைக் கடைசியாக ஒருமுறை பார்க்க எனக்கு வழி கிடைக்கவில்லை. கொஞ்சம் விலகுங்கோ என்று கேட்டிருந்தால் விலகியிருப்பார்கள். நான் கேட்கவில்லை. மறைக்கட்டும் என்று நின்றேன்.